லேபர் ஸ்லோ இல்லங்க, வேலை ரெடியா இல்ல

நம்ம கட்டுமான ஃபீல்டுல எந்த பில்டரைக் கேட்டாலும், எந்த புராஜெக்ட் மேனேஜரைக் கேட்டாலும் முதல்ல வர்ற டயலாக் "லேபர் சரியில்லங்க" தான். முன்ன மாதிரி கொத்தனார் கிடையாது, வடநாட்டுப் பசங்க ஹோலிக்கு ஊருக்குப் போனா எப்ப திரும்புவாங்கன்னு தெரியாது, உள்ளூர் ஆளு ஒன்பதரைக்கு வந்து நாலரைக்கே கை கால் கழுவ ஆரம்பிச்சிடுறாரு, கூலி மட்டும் வருஷா வருஷம் ஏறுது, இப்படி ஒரு புலம்பல் லிஸ்ட் எல்லார்கிட்டயும் இருக்கும். கொஞ்சம் உண்மையும் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா சென்னை புறநகர்ல அபார்ட்மெண்ட் சைட்டுங்கள்ல இத்தனை வருஷமா குப்பை கொட்டினதுல எனக்குப் பட்டது வேற. ஆளு மெதுவா வேலை செஞ்சு போற நேரம் ரொம்ப கம்மி. ஆளு கரண்டியோட ரெடியா நிக்குறாரு, அவருக்குக் கொடுக்க வேலை ரெடியா இல்ல, அதுல போற நேரம்தான் பயங்கரம்.

நம்பலன்னா நீங்களே டெஸ்ட் பண்ணிப் பாருங்க, பைசா செலவில்ல. ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு மணிக்கு ஒரு தடவை மொட்டை மாடில இருந்து ஸ்டில்ட் (கீழ் பார்க்கிங் தளம்) வரைக்கும் இறங்கி வாங்க. கண்ணுல படுற ஒவ்வொருத்தரும் அந்த நிமிஷம் என்ன பண்றாங்கன்னு நோட்டுல மூணே மூணு கட்டம். கை வேலையில இருக்காங்களா, எதையாவது தூக்கிட்டோ தேடிட்டோ நடக்குறாங்களா, சும்மா இருக்காங்களா. கோடு மட்டும் போடுங்க, பேர் எழுதாதீங்க, பேர் எழுதுறீங்கன்னு தெரிஞ்சா உங்க தலை படியில தெரிஞ்சதுமே எல்லா கையிலயும் கரண்டி வந்துரும். நாங்க இதைப் பண்ணினப்போ முதல் கட்டம், அதாவது கை வேலையில இருந்தவங்க, பாதியைக் கூட எட்டல. ஆபீஸ்ல காட்டினா யாரும் நம்பல, "நீங்க டீ டைம்ல போயிருப்பீங்க"ன்னாங்க.

கணக்கை விடுங்க, காரணம்தான் சுவாரசியம். மூணாவது மாடில ரெண்டு கொத்தனார் உக்காந்திருந்தாங்க. ஏண்ணேன்னு கேட்டா கல்லு கீழ இருக்கு, ஹாய்ஸ்ட் (சாமான் ஏத்துற லிஃப்ட்) வரல. ஹாய்ஸ்ட் எங்கன்னு பாத்தா அடுத்த பிளாக்ல டைல்ஸ் ஏத்திட்டு இருக்கு, ஏன்னா டைல்ஸ் லாரி முன்கூட்டியே சொல்லாம காலைல வந்து கேட்ல நின்னுருச்சு, அதை இறக்கலன்னா ஹால்டிங் சார்ஜ் (லாரி நின்னதுக்குக் காசு) கேப்பாங்க, இறக்கினதை அங்கயே போட்டா உடையும்னு ஸ்டோர் கீப்பர் நேரா மேல ஏத்தச் சொல்லிட்டாரு. அவர் பக்கம் பாத்தா அவர் செஞ்சது கரெக்ட். ஆனா ரெண்டு கொத்தனாரும் அவங்க கூட இருக்குற சித்தாளுங்களும் அரை நாள் போச்சு. ஒரு கொத்தனார் நாளைக்கு ஒண்ணேகால் கன மீட்டர் கட்டு வேலை பண்ணுவார்னு எஸ்டிமேட் புக்ல இருக்கும், அது கல்லும் கலவையும் கைக்கு எட்டுற தூரத்துல இருந்தா வர்ற கணக்கு, கல்லு மூணு மாடி கீழ இருந்தா வராது.

நாலாவது மாடில இன்னும் மோசம். பூச்சுக்கு சாரம் கட்டியாச்சு, சுவரை நனைச்சும் விட்டாச்சு, பூச்சு ஆளுங்க படிக்கட்டுல உக்காந்து போன் பாத்துட்டு இருக்காங்க. சுவத்துல காடி எடுத்து எலக்ட்ரிகல் பைப் பதிக்கல. எலக்ட்ரீஷியன் ஏன் வரலன்னா, போன வாரம் வந்தாரு, ஏ.சி. பாயிண்ட் எந்தப் பக்கம்னு கேட்டாரு, ஒருத்தருக்கும் தெரியல, கோச்சுக்கிட்டு வேற சைட்டுக்குப் போயிட்டாரு. ஏ.சி. பாயிண்ட் ஏன் தெரியலன்னா அந்த ஃப்ளாட் ஓனர் துபாய்ல இருக்காரு, அவருக்கு அனுப்பின மெயில் அப்படியே கிடக்கு. இப்போ சொல்லுங்க, படிக்கட்டுல உக்காந்திருக்குற பூச்சு ஆளு சோம்பேறியா?

இதுல ஒரு கொடுமை என்னன்னா, சதுரடி ரேட்டுக்கு லேபர் காண்ட்ராக்ட் விட்ட சைட்ல இந்தக் காத்திருப்பு நம்ம கணக்குல தெரியவே தெரியாது. "அவங்க சும்மா இருந்தா நமக்கென்ன, சதுரடிக்குத்தானே காசு"ன்னு எம்.டி. நிம்மதியா இருப்பாரு. மேஸ்திரி சும்மா இருப்பாரா? ரெண்டு வாரம் பாப்பாரு, அப்புறம் நல்ல ஆளுங்களை வேற சைட்டுக்கு மாத்திட்டு இங்க புதுசா கத்துக்குற பசங்களை விடுவாரு. அடுத்த பிளாக்குக்கு கொட்டேஷன் கேட்டா ரேட்டை ஏத்தித்தான் தருவாரு, ஏன் ஏத்தினார்னு சொல்லவும் மாட்டாரு. நாம "லேபர் சரியில்லங்க"ன்னு அடுத்த மீட்டிங்ல சொல்லுவோம்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும்னும் நினைக்க வேண்டாம். 1998ல இங்கிலாந்துல சர் ஜான் ஈகன் தலைமையில ஒரு கமிட்டி ரிப்போர்ட் கொடுத்துச்சு. அவரு சைட்ல வளர்ந்தவரே கிடையாது, ஜாகுவார் கார் கம்பெனியை நடத்தினவரு, அப்புறம் ஏர்போர்ட்டுங்களை நடத்துற கம்பெனி, அதாவது பில்டிங்குக்கு காசு கொடுத்து அவதிப்பட்ட பக்கம். அமெரிக்கா, இங்கிலாந்து, ஸ்காண்டிநேவியா ஆய்வுகளை வெச்சு அதுல சொன்னது: கட்டுமானத்துல 30 சதவீதம் வரைக்கும் செஞ்சதையே திரும்பச் செய்யுற வேலை, ஆளுங்களோட திறன்ல 40ல இருந்து 60 சதவீதம்தான் பயன்படுது, மெட்டீரியல் குறைஞ்சது 10 சதவீதம் வேஸ்ட். நம்ம நோட்டுல விழுந்த கோடும் ஏறக்குறைய அங்கதான் வந்து நின்னுச்சு. அவங்க கிட்ட கிரேன் இருக்கு, நம்மகிட்ட தலைச்சுமை இருக்கு, நிக்கிறது மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணு.

சரி, என்ன பண்றது. சைட் ஆபீஸ் சுவத்துல எல்லாருமே ஒரு கலர் பார் சார்ட் ஒட்டி வெச்சிருப்போம். ஹெட் ஆபீஸ்ல பிளானிங் இன்ஜினியர் பிரைமவேரா, எம்.எஸ். புராஜெக்ட் மாதிரி பிளானிங் சாஃப்ட்வேர்ல போட்டு ஏ3ல பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது, பேங்க் ஆளு வந்தா காட்டுறதுக்கு உதவும். அதுல "பிளாக் பி, பூச்சு வேலை, 30 நாள்"னு ஒரு பட்டை இருக்கும். அந்தப் பட்டைக்கும் படிக்கட்டுல உக்காந்திருக்குற ஆளுக்கும் நடுவுல ஒரு தொடர்பும் கிடையாது. அமெரிக்காவுல க்ளென் பல்லார்ட், கிரெக் ஹோவெல்னு ரெண்டு பேரு 90கள்ல இந்த இடைவெளியைத்தான் பிடிச்சாங்க. இந்த வாரம் முடிப்போம்னு சைட்ல சொன்ன வேலைல வார முடிவுல உண்மையா எத்தனை முடிஞ்சுதுன்னு எண்ணிப் பாத்தாங்க, சராசரியா 54 சதவீதம்தான் வந்துச்சு. அதுல இருந்து வந்ததுதான் லாஸ்ட் பிளானர்னு சொல்ற முறை. பேரைப் பாத்து பயப்பட வேண்டாம், விஷயம் சிம்பிள்: களத்துல ஆளை நிறுத்தி வேலை வாங்குறவர்தான் கடைசியா பிளான் போடுறவரு, அவர் வாயால "முடியும்"னு சொன்ன வேலையை மட்டும்தான் வாரப் பிளான்ல எழுதணும்.

எங்க சைட்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் உக்காருறோம், ஏன்னா சனிக்கிழமை கூலி பட்டுவாடா, அன்னிக்கு யாருக்கும் காது கேக்காது. கட்டு வேலை மேஸ்திரி, கம்பி மேஸ்திரி, சென்ட்ரிங் (கான்கிரீட்டுக்கு பலகையும் முட்டும் அடிக்குற) மேஸ்திரி, பிளம்பர், எலக்ட்ரீஷியன், அப்புறம் கண்டிப்பா ஸ்டோர் கீப்பர். (ஸ்டோர் கீப்பர் இல்லாத மீட்டிங் வேஸ்ட், சைட்ல என்ன இருக்கு என்ன இல்லன்னு தெரிஞ்ச ஒரே ஆளு அவர்தான்.) ஒரு பெரிய வெள்ளை போர்டு, அடுத்த வாரத்து ஒவ்வொரு வேலைக்கும் நேரா சில கேள்வி: டிராயிங் கையில இருக்கா, இதுக்கு முந்தின வேலை முடிஞ்சு செக் பண்ணியாச்சா, மெட்டீரியல் சைட்டுக்கு இல்ல அந்த மாடிக்கே ஏறியாச்சா, ஆள் எத்தனை, சாரம் ஹாய்ஸ்ட் கரண்ட் தண்ணி இருக்கா. ஒண்ணுக்கு "இல்ல"ன்னா அந்த வேலை போர்டுல ஏறாது, அதுக்குப் பதிலா அந்த "இல்ல"வை யாரு எந்தத் தேதிக்குள்ள "இருக்கு" ஆக்குறதுன்னு எழுதுவோம்.

ஆரம்பத்துல மீட்டிங் இப்படித்தான் போகும்.

"செவ்வாய்க்குள்ள பீம் கம்பி முடிஞ்சிருமா மேஸ்திரி?"

"முடிச்சிரலாம் சார்."

"பதினாறு எம்.எம். கம்பி வந்துருச்சா?"

"அது இன்னும் வரல சார்."

அவர் பொய் சொல்லல. இன்ஜினியர்கிட்ட முடியாதுன்னு சொன்னா திட்டு விழும், "ஆகட்டும் சார்"னு தலையாட்டிட்டுப் போனா செவ்வாய்க்கிழமை வரைக்கும் நிம்மதி, இதுதான் அவர் இத்தனை வருஷ சர்வீஸ்ல கத்துக்கிட்டது. நாமதான் அப்படி பழக்கி வெச்சிருக்கோம். அதனால ஒரே ஒரு சட்டம் போட்டோம், வெள்ளிக்கிழமை "முடியாது"ன்னு சொன்னா யாரும் ஒரு வார்த்தை திட்டக் கூடாது, எம்.டி.யே உக்காந்திருந்தாலும். இந்த ஒண்ணு செட் ஆகுறதுக்குத்தான் ரொம்ப நாள் பிடிச்சுது. எம்.டி. ரெண்டு தடவை திட்டினாரு, அப்புறம் அவரை மீட்டிங்குக்கே கூப்பிடல.

அடுத்த வெள்ளிக்கிழமை முடிஞ்சுதா முடியலையான்னு மட்டும் மார்க் பண்றது. "தொண்ணூறு பர்சன்ட் முடிஞ்சுது சார்"க்கெல்லாம் இடமே இல்ல, அந்த மிச்ச பத்து பர்சன்ட்டாலதான் அடுத்த டீம் படிக்கட்டுல உக்காருது. முடியலன்னா காரணம் ஒரு வரி. இந்தக் காரணங்களை சும்மா ஒரு நோட்டுல சேத்துட்டே வந்தோம், கொஞ்ச மாசம் கழிச்சு எண்ணினா "ஆள் வரல"ங்கிறது பொங்கல், தீபாவளி வாரங்கள்ல மட்டும்தான் மேல வருது. மத்த நாளெல்லாம் முந்தின வேலை முடியல, முடிவு வரல, மெட்டீரியல் வரல, இந்த மூணுதான் மாத்தி மாத்தி.

முடிவு வரலன்னு சொன்னேன் பாருங்க, அதைப் பத்தி தனியா ஒரு போஸ்டே எழுதலாம். நம்ம அபார்ட்மெண்ட் வேலைல டிராயிங் ஃபைனல் ஆகுறதே இல்ல. ஸ்லாப்புக்கு கம்பி கட்டியாச்சு, நாளைக்கு கான்கிரீட், இன்னிக்கு ராத்திரி வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வரும், பேப்பர்ல பேனால கிறுக்கினது, "டாய்லெட்டை இந்தப் பக்கம் ஷிஃப்ட் பண்ணிருங்க, வாஸ்து பாத்தோம்". வாஸ்து பாக்குறதை நான் தப்பு சொல்லல, அதை பில்லர் எழும்புறதுக்கு முன்னாடி பாத்திருக்கலாமேன்னுதான். ஸ்லாப் போட்டப்புறம் குழாய்க்கு ஓட்டை வேணும்னா கோர் கட்டிங் மெஷின் வரணும், வழியில கம்பி வெட்டுப்பட்டா ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் கிட்ட ஓடணும், வாட்டர்ப்ரூஃபிங் மறுபடி. கான்கிரீட்டுக்கு முன்னாடி ஒரு துண்டு பி.வி.சி. பைப்பை ஸ்லீவா (குழாய் போக வழியா) நட்டு வெச்சிருந்தா முடிஞ்ச கதை.

இதுக்கு இப்போ பண்றது, புக்கிங் சமயத்துலயே கஸ்டமர் கையில ஒரு தாள் கொடுத்துடுறோம். உங்க மாடி ஸ்லாப் தேதி இது, ஃபேன் லைட் பாயிண்ட் இந்தத் தேதிக்குள்ள, கட்டு வேலை இந்தத் தேதி, சுவத்துல மாத்தம்னா அதுக்கு முன்னாடி, டைல்ஸ் செலக்‌ஷன் இந்தத் தேதி, தாண்டினா ஸ்டாண்டர்ட்ல என்ன இருக்கோ அதுதான். சேல்ஸ் டீம் ஒத்துக்கவே இல்ல, "கஸ்டமர் ஓடிருவாங்க"ன்னாங்க. ஒருத்தரும் ஓடல. தேதி தெரிஞ்சா மனுஷங்க முடிவெடுக்குறாங்க, தெரியாதவரைக்கும் யோசிச்சுட்டே இருக்காங்க, அவ்வளவுதான்.

அடுத்த நாலு வாரத்தை முன்கூட்டியே பாக்குற லிஸ்ட் ஒண்ணும் தனியா இருக்கு. யு.பி.வி.சி. ஜன்னல், லிஃப்ட், கதவு மாதிரி ஆர்டர் கொடுத்து காத்திருக்க வேண்டியதெல்லாம் அதுல. ஐப்பசி கார்த்திகைல மழை வரும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் கடைசிலதான் வெளிப்பூச்சுக்கு சாரம் கட்ட ஆரம்பிப்போம். அந்த லிஸ்ட் வந்தப்புறம் மழை மாசத்துக்குன்னு உள்வேலையை எடுத்து வைக்குறோம்.

இப்போ குவாலிட்டிக்கு வர்றேன், இதுவும் அதே கதையோட மறுபக்கம்தான். நின்னு நின்னு போன நேரத்தை எங்கயாவது பிடிக்கணும்ல? கொத்தனார் கையைப் பிடிச்சு வேகமா இழுக்க முடியாது, அதனால கான்கிரீட்டோட நேரத்துல கை வைக்குறாங்க. நம்ம நாட்டு கான்கிரீட் விதி ஐ.எஸ். 456 என்ன சொல்லுது, ஓ.பி.சி. (சாதாரண) சிமெண்டுன்னா குறைஞ்சது 7 நாள் தண்ணி கட்டணும், பி.பி.சி. மாதிரி கலப்பு சிமெண்டுன்னா 10 நாள். 4.5 மீட்டர் வரைக்கும் உள்ள ஸ்லாப்புக்கு முட்டு 7 நாள் நிக்கணும், அதுக்கு மேலன்னா 14, பீம்ல 6 மீட்டர் வரைக்கும் 14, தாண்டினா 21 நாள். இதெல்லாம் தெரியாத இன்ஜினியர் கிடையாது. ஆனா சென்ட்ரிங் மேஸ்திரி கிட்ட ஜாக்கி (முட்டுக் குடுக்குற இரும்புக் கம்பம்) ஒரு செட்தான் இருக்கும், மேல மாடிக்கு அது வேணும், ஷெட்யூல் ஏற்கெனவே பின்னாடி, அப்போ முட்டு எப்போ கழலும்னு நினைக்குறீங்க. அதே மாதிரி கியூப், அதாவது பலம் பாக்க வார்த்து உடைக்குற கான்கிரீட் கட்டி. 28 நாள் ரிசல்ட் வர்றதுக்குள்ள மேல ரெண்டு ஸ்லாப் ஏறி நிக்கும், ஃபெயில்னு வந்தா யாருக்கு இடிக்க தைரியம் இருக்கு? அதனால 7 நாள் கியூபைத்தான் நான் விடாம பாப்பேன், அது 28 நாள் பலத்துல மூணுல ரெண்டு பங்கு கூட வரலன்னா அப்பவே கான்கிரீட் பிளாண்ட்டுக்கு போன் போட்டு சண்டை. ரெடிமிக்ஸ் லாரியும் லோடு பண்ணி 2 மணி நேரத்துக்குள்ள இறக்கணும்னு விதி இருக்கு, நம்ம பம்ப் ரெடி ஆகாம லாரி கேட்ல நின்னா டிரைவர் தண்ணி ஊத்துவாரு, ஊத்தலன்னு சத்தியமும் பண்ணுவாரு. மறுபடியும் பாருங்க, எல்லாம் காத்திருப்புதான்.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) வந்தப்புறம் இதுக்கெல்லாம் கணக்கு கேக்க ஆளு இருக்கு. 2016 சட்டப்படி சாவி கொடுத்த நாள்ல இருந்து 5 வருஷத்துக்குள்ள ஸ்ட்ரக்சர்லயோ வேலைத் தரத்துலயோ குறை வந்தா பில்டர் சொந்தக் காசுல சரி பண்ணணும். சரியா தண்ணி காட்டாத பூச்சு ரெண்டாவது வருஷமே மேப் போட்ட மாதிரி விரியும், அப்போ சாரம் மறுபடி கட்டணும், இந்தத் தடவை குடியிருக்குறவங்க முறைச்சுப் பாக்க பாக்க.

கம்பி வேஸ்ட் பத்தி சின்னதா. கம்பி 12 மீட்டர் நீளத்துல வருது, பீமுக்கு 5 மீட்டர் வேணும்னா ரெண்டு வெட்டினா 2 மீட்டர் துண்டு மிச்சம், பதினாறு எம்.எம்.ல அது மூணு கிலோவுக்கு மேல. அந்தத் துண்டு எங்க போகும்னு வெட்டுறதுக்கு முன்னாடியே யோசிக்கணும், அதுக்குத்தான் பார் பெண்டிங் ஷெட்யூல், எந்தக் கம்பியை என்ன நீளத்துல வெட்டி எப்படி வளைக்கணும்ங்கிற பட்டியல். நம்ம சைட்டுங்கள்ல அதை பில் போடுறதுக்கு வேலை முடிஞ்சப்புறம் தயார் பண்றாங்க. துண்டு கம்பி பூரா பழைய இரும்புக் கடைக்கு.

கடைசியா பணம். நான் மேல சொன்ன போர்டு, மீட்டிங், லிஸ்ட் எல்லாத்தையும் ஒரே வாரத்துல காலி பண்ண முடியும், சனிக்கிழமை பட்டுவாடாவை ரெண்டு தடவை தள்ளிப்போட்டா போதும். மேஸ்திரி பெரிய முதலாளி கிடையாது. வாராவாரம் தன் ஆளுங்களுக்கு அவர் கையில இருந்து கொடுத்தாகணும், நம்ம பில்லு மாசம் ஒண்ணு, அதை அளந்து எம்-புக்ல (அளவுப் புத்தகம்) ஏத்தி, பில்லிங் இன்ஜினியர் டிக் அடிச்சு, ஹெட் ஆபீஸ்ல ரெண்டு கையெழுத்து வாங்கி, ரிடென்ஷன் (பிணையா கொஞ்சம் பணம்) பிடிச்சு, "கிளையண்ட் பணம் வரட்டும்"னு உக்கார வெச்சா அவர் வட்டிக்கு வாங்குவாரு, இல்லன்னா பாதி ஆளை காசு உடனே கொடுக்குற சைட்டுக்கு அனுப்புவாரு. ஈகனுக்கு முன்னாடியே 1994ல லேத்தம்னு ஒருத்தர் அதே இங்கிலாந்துல ரிப்போர்ட் எழுதினாரு, அதைத் தொடர்ந்து 1996ல சட்டமே வந்துச்சு, மேல இருந்து வந்தாத்தான் கீழ கொடுப்பேன்னு காண்ட்ராக்ட்ல எழுதினா செல்லாது, தவணை தவணையா பணம் கொடுத்தாகணும், தகராறுன்னா சீக்கிரம் தீர்க்க ஒரு நடுவர். நம்ம ஊர்லயும் பதிவு பண்ணின சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாள்னு சட்டம் இருக்கு, ஆனா கம்பி கட்டுற மேஸ்திரி எங்க போய் உத்யம் சர்டிபிகேட் வாங்கி வெச்சிருக்காரு.

நாங்க பண்ணின மாத்தம் பெருசு இல்ல. அளவு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மேஸ்திரியும் சைட் இன்ஜினியரும் ஒண்ணா டேப் பிடிச்சு, அங்கயே ரெண்டு பேரும் கையெழுத்து. அளவுல சண்டை வராதபடியால பில்லு மேஜை மேஜையா சுத்துறது நின்னுச்சு. சண்டை இல்லாத பாகத்துக்கு பணம் உடனே போயிரும், சண்டை உள்ளது மட்டும் அடுத்த பில்லுக்கு. இதை ஃபைனான்ஸ்ல ஒத்துக்க வெக்கத்தான் நான் படிக்கட்டு நோட்டைக் கையில எடுத்துட்டுப் போனேன், ஆளுங்க உக்காந்திருந்த நேரத்தை கூலியால பெருக்கிக் காட்டினேன், அதுக்கப்புறம்தான் பேசவே விட்டாங்க.

சாஃப்ட்வேர், ட்ரோன், பி.ஐ.எம். (கம்ப்யூட்டர்ல போடுற பில்டிங் மாடல்) எல்லாம் நல்லதுதான், டெமோ காட்ட வர்ற பசங்களும் நல்லாப் பேசுறாங்க. வாங்கணும்னா வாங்குங்க. பிளம்பர் ஸ்லீவ் டிராயிங் கேட்டு எத்தனை நாள் ஆச்சுன்னு தெரியாத சைட்ல மேல இருந்து ட்ரோன் படம் எடுத்தா சும்மா உக்காந்திருக்குற ஆளுங்க ஹெச்.டி.ல தெரிவாங்க.

இப்போதைக்கு ரெண்டு விஷயம் எங்ககிட்ட இன்னும் சரியாகல. டைல்ஸ் லாரி இன்னமும் சொல்லாமத்தான் வருது, சப்ளையர் மாத்தியும் பாத்தாச்சு. இன்னொண்ணு வெள்ளிக்கிழமை மீட்டிங்ல மேஸ்திரிங்களுக்கு வாங்குற டீ பஜ்ஜி செலவு, அதை எந்த ஹெட்ல எழுதுறதுன்னு அக்கவுண்ட்ஸ்ல மாசா மாசம் கேக்குறாங்க, நான் சன்ட்ரீஸ் (சில்லறைச் செலவு)னு எழுதி அனுப்பிட்டு இருக்கேன்.